நான்கு விநாடிச் சிரிப்பு

மெட்டு மயக்கிவிடும் என்பது தலைமையாசிரியரின் கட்சி. ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகியும் ஊருக்கு அவர் தலைமையாசிரியர்தான். பாட்டு ஆட்சேபக் குழுவுக்குத் தலைவரானதும் அவர் போட்ட முதல் விதி, குழு பாட்டைக் கேட்காது என்பது. வரிகளைத் தட்டச்சு செய்து கொண்டுவர வேண்டும். ஒருவர் ராகமில்லாமல் வாசிக்க வேண்டும்.

"கேட்டா தலையாட்டிடுவோம். தலையாட்டிட்டு அப்புறம் எப்படிப்பா ஆட்சேபிக்கிறது?" என்பார்.

வாசிக்கிற வேலை கத்திரியுடையது. வானொலி நிலையத்தில் ஒலித்தொகுப்பாளன். வெட்டி ஒட்டுகிறவன் என்பதால் அந்தப் பெயர். குழு சொல்வதை அவன் வெட்டிக் கொடுத்தால்தான் பாட்டு ஒலிபரப்பாகும். குழு வந்த ஒரு வருடத்தில் காதல் பாட்டுகளை ரயில் அறிவிப்புபோல் வாசிக்கப் பழகிவிட்டான். மனைவி இருந்தவரை வீட்டுக்குப் போய் அவளுக்கும் அப்படி வாசித்துக் காட்டுவான். போதும் விடு, வயிறு வலிக்கிறது என்பாள்.

அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தாள். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் உடலைத் தர அவனிடம் கையெழுத்துக் கேட்டார்கள்.

அவள் கோரஸ் பாடுகிறவள். பத்துக் குரலில் ஒன்று. ஒரே ஒரு பாட்டில் மட்டும் தனியாக நான்கு விநாடி இருந்தாள். எல்லோரையும் ஒரே அறையில் வைத்துப் பதிந்த பாட்டு அது. நடுவில் கீபோர்டுக்காரர் வயர் தடுக்கி, தபலாக்காரர் மடியில் போய் உட்கார்ந்தார். அவள் சிரித்துவிட்டாள். இசையமைப்பாளர் அதை அப்படியே விட்டுவைத்தார். பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது.

அந்தப் பாட்டு அவன் போனிலும் இருந்தது. ஆனால் போனில் அவன் கூப்பிட்டால்தான் அவள் வருவாள். பஸ்ஸில், சலூனில், மாடிப்படியில் யார் வீட்டு ஜன்னலிலிருந்தோ வருகிறபோது அவளாக வந்தாள். அப்போது அவன் நின்றுவிடுவான். நான்கு விநாடி. பிறகு நடப்பான். நாளை ஓட்டுவதற்கு அது போதுமாக இருந்தது.

இன்று குழுவின் முன்னால் இருந்தது அந்தப் பாட்டு. யாரோ புகார் எழுதிப்போட்டிருந்தார்.

நேற்று மாலை அவன்தான் வரிகளைத் தட்டச்சு செய்தான். சொற்களை மட்டும் எழுதினால் போதும் என்பது வழக்கம். தபலாவையோ புல்லாங்குழலையோ யாரும் எழுதுவதில்லை. ஆனால் அந்த இடம் வந்தபோது அவன் கை நிற்கவில்லை. அவளைப் பற்றி எந்த இசைத்தட்டு உறையிலும் ஒரு வரி அச்சானதில்லை. அடைப்புக்குறி போட்டு, 'பெண் சிரிப்பு, நான்கு விநாடி' என்று அடித்துவிட்டான். அடித்ததைப் பார்க்க நன்றாக இருந்தது. அழிக்கவில்லை.

குழுவில் மூன்று பேர். தலைமையாசிரியர், ஆளுங்கட்சி வக்கீல், மாதர் சங்கத் தலைவி. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், கிறீச்சென்று சுற்றும் மின்விசிறி. கத்திரி வாசித்தான்.

"காவல் தூங்கும் ஊருக்குள்ளே, களவு போச்சு என் மனசு."

"நிறுத்து," என்றார் வக்கீல். "தேர்தல் வர்ற நேரத்துல காவல் தூங்குதுன்னா யாரைச் சொல்றான்?"

"பொண்ணோட அப்பாவைச் சொல்றான் சார்."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஓட்டுப் போடறவனுக்குத் தெரியுமா?"

"அப்பா தூங்குறார்னா அது இன்னும் மோசம்," என்றார் தலைவி.

வக்கீல் சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். கத்திரி மேலே போனான்.

"கதவு ரெண்டும் சாத்திக்கிச்சு, காத்து மட்டும் என்ன பண்ணும்."

"கதவைச் சாத்துனது யாரு?" என்று கேட்டார் தலைவி.

"காத்துதான் மேடம்."

"காத்துன்னா விட்டுடலாம்," என்றார் தலைமையாசிரியர். பிறகு கண்ணாடியை மூக்கில் இறக்கித் தாளைப் பார்த்தார். "இது என்னது, அடைப்புக்குறியில? பெண் சிரிப்பு?"

அதை அழித்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் கத்திரிக்குத் தோன்றியது.

"அது வரி இல்ல சார். பதியும்போது தவறி வந்தது."

"கதவு சாத்திக்கிச்சு. அடுத்த வரி வர்றதுக்குள்ள ஒரு பொண்ணு சிரிக்குது. நாலு விநாடி." அவர் மேசையில் விரலால் நாலு தட்டினார். சின்ன நேரமில்லை. "உள்ள என்னப்பா நடக்குது?"

"ஒண்ணும் நடக்கல சார். ஒருத்தர் வயர் தடுக்கி விழுந்தார்."

"பாட்டுல அப்படி எங்க இருக்கு?" என்றார் வக்கீல்.

"ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்க சார். கேட்டா தெரிஞ்சிடும், சும்மா சிரிப்புன்னு." அவன் போனை எடுத்துவிட்டான்.

தலைமையாசிரியர் கையை உயர்த்தினார். "வெச்சிடுப்பா. உனக்காக ஒண்ணைக் கேட்டா நாளைக்கு எல்லாத்தையும் கேக்கணும்."

போனை மேசையில் வைத்தான். சொல்லக்கூடாது என்று இருந்தவன் சொல்லிவிட்டான்.

"அது என் சம்சாரம் சார்."

தலைவி பேனாவை மூடினார்.

"போன பொண்ணா?"

தலையாட்டினான்.

"அய்யோ தம்பி," என்றார் அவர். நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. "உங்க அக்கான்னு நெனச்சுக்கங்க, ஒண்ணு சொல்றேன். அந்தச் சிரிப்பைப் பசங்க ரிங்டோனா வெச்சுக்கிட்டுத் திரியுறானுங்க. போன பொண்ணு. குடும்பப் பொண்ணு. அவ சிரிப்பு இப்படித் தெருத்தெருவா கேக்குறது உங்களுக்கு வலிக்கலையா?"

வலிக்கவில்லை. அது தெருவில் கேட்பதுதான் வேண்டும். அதை இந்த மேசையில் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அவளுக்குப் பண்ற மரியாதை இது," என்றார் தலைமையாசிரியர் மெதுவாக. "நாளைக்கு நீயே சொல்லுவே." தாளில் அந்த அடைப்புக்குறியைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டார். பள்ளிக்கூடத்துக் கை.

வக்கீலுக்கும் மனசு கேட்கவில்லை. "தம்பிக்காக நான் காவலை விட்டுடறேன்," என்று தான் போட்ட சிவப்புக் கோட்டின்மேல் 'ஆட்சேபம் தள்ளுபடி' என்று எழுதினார். அன்று பாட்டிலிருந்து போனது சிரிப்பு ஒன்றுதான்.

பிற்பகல் தொகுப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். திரையில் அவள் சிரிப்பு ஒரு சின்ன மேடாகத் தெரிந்தது. தேர்ந்தெடுத்தான். அழித்தான். அந்த இடத்தை வெறுமையாக விட்டு அனுப்பினான். ஓட்டையாவது இருக்கட்டும்.

பத்து நிமிடத்தில் மேனேஜர் வந்து கதவில் சாய்ந்தார். அவனைவிட இரண்டு வயது பெரியவர், பக்கத்துத் தெருக்காரர்.

"டேய் கத்திரி, நடுவுல செத்துக் கெடக்குதுடா. கேக்குறவன் ரேடியோ புட்டுக்கிச்சுன்னு நெனப்பான்."

"அப்படியே இருக்கட்டும்ணே."

"எனக்கு மட்டும் ஆசையாடா? லைசென்சு புதுப்பிக்க அவங்க கையெழுத்து வேணும்." தோளில் கை வைக்கப் பார்த்து, வைக்காமல் எடுத்துக்கொண்டார். "தபலாவை இழுத்து மூடிடு. அஞ்சு மணிக்குப் போகுது."

பல்லவி முடிகிற இடத்திலிருந்து தபலாவை எடுத்தான். சரியாக நான்கு விநாடி இருந்தது. ஒட்டினான். இரண்டு முனையையும் ஒட்டுத் தெரியாமல் தேய்த்தான். மோசமாகச் செய்ய நினைத்தான். ஒன்பது வருடப் பழக்கம், கை கேட்கவில்லை.

மேனேஜர் கேட்டுவிட்டு, "வெட்டுன எடமே தெரியல," என்றார். சொன்ன பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குழுவுக்கு அனுப்பும் படிவத்தில் 'நீக்கப்பட்ட சொற்கள்' என்று ஒரு கட்டம். அதில் பேனா நின்றது.

"சிரிப்பு சொல் இல்லியே," என்றார் மேனேஜர். "ஏதுமில்லைன்னு போட்டுடு."

ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

ஐந்து மணிக்கு மாடிப்படி இறங்கும்போது பாட்டு வந்தது. கீழே நிலையத்து ஓட்டுநர் வண்டியைத் துடைத்துக்கொண்டே வண்டி ரேடியோவோடு கூடப் பாடினார். கத்திரி கைப்பிடியைப் பிடித்து இறங்கிக்கொண்டே அந்த இடத்துக்காகக் காத்திருந்தான். தபலா நன்றாக இருந்தது. கதவு சாத்திக்கொண்டது, காற்று வந்தது, அடுத்த வரி வந்தது. பாட்டு முடிந்து விளம்பரம் வந்தபோதுதான், நிற்காமலே தான் கடைசிப் படிக்கு வந்துவிட்டிருந்தது அவனுக்குத் தெரிந்தது.