மூன்றாம் ஓலை

மூன்றாம் ஞாயிறு ஓலை வாசித்தபோது செபஸ்தியான் எழுந்து நின்றான். பூசைக்கு நடுவே ஒருவன் எழுந்தால் ஒன்று மயக்கம், இல்லை அவசரம். நானும் அப்படித்தான் நினைத்தேன். முனியாண்டியைக் கும்பிடுகிற எனக்கு மாதா கோயிலின் கடைசி பெஞ்சில் என்ன வேலை என்றால், அன்றைக்கு வாசித்தது நான் சேர்த்துவைத்த ஜோடியின் ஓலை. பூசை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டாரோடு திண்டுக்கல்லுக்குப் போய் முகூர்த்தப் பட்டு எடுப்பதாக ஏற்பாடு. வேனுக்கும் சொல்லியாயிற்று.

ஓலை என்பது வேறொன்றுமில்லை. இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று மூன்று ஞாயிறு பீடத்திலிருந்து வாசிப்பார்கள். நிலம் வாங்குமுன் வில்லங்கம் பார்ப்பதுபோல. அதற்கு எழுந்து பதில் சொன்ன ஆளை அந்தப் பங்கில் யாரும் கண்டதில்லை. அதுவும் பெண்ணைப் பெற்றவனை.

செபஸ்தியானும் நானும் அய்யலூர் ஆட்டுச் சந்தையில் தரகர்கள். பல்லைப் பார்த்து வயசு சொல்கிற தொழிலில், பல் போடாத குட்டிக்கு என் வாயால் நாலு பல் முளைக்கும். ஒருமுறை சிறுமலையில் தொலைந்த கிடா ஒன்று எட்டு நாள் கழித்து ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தைக் கொம்பில் மாட்டிக்கொண்டு தானாகத் திரும்பி வந்தது. அதில் ரெண்டு பழம் நான் தின்றேன். நீங்கள் நம்பவேண்டாம், கிடாவை வாங்கின சாணார்பட்டிக்காரர் நம்பினார்.

செபஸ்தியானும் இந்தத் தொழிலில் சுமாரான பொய்யனாகத்தான் இருந்தான். ஆறு வருஷத்துக்கு முன் தபசு காலத்தில் மூன்று நாள் தியானத்துக்குப் போனான். போனவன் வரவில்லை, அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறொருவன் வந்தான். அடுத்த வியாழக்கிழமை சந்தையில், வாங்கக் கை நீட்டின ஆளிடமே, இந்த ஆட்டுக்குக் கழிச்சல், வேண்டாம் என்றான். விற்க வந்தவன் அடிக்கப் பாய்ந்தான். கொஞ்சம் கொஞ்சமாக அவன் வாடிக்கையெல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது. ஆண்டவர் அவனுக்குக் கொடுத்த மனமாற்றத்தில் முழுப்பலனும் எனக்குத்தான். அதற்காக அவன் ஒருநாளும் என்னிடம் முகம் சுளித்ததில்லை.

மகள் வினோலியா தாயில்லாத பெண். பதினாலு வயதில் வலிப்பு வந்தது. மாத்திரையில் அடங்கி, கடைசியாக வந்தே நாலைந்து வருஷமாகிவிட்டது. மாத்திரையையும் நிறுத்திய டாக்டர், தாராளமாகக் கல்யாணம் பண்ணலாம் என்றார். டாக்டர் சொன்னது ஊருக்குக் கேட்கவில்லை. வலிப்பு என்ற பேச்சைக் கேட்டதுமே ரெண்டு வரன் ஓடிப்போனது. மூன்றாவதாக ரெட்டியார்சத்திரம் பக்கம் பிராங்கிளின் என்ற பையனைப் பிடித்தேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். நிச்சயம் ஆனபிறகு இரண்டு பேரும் போனில் பேசினார்கள். துணி துவைக்கிற கல்லுக்கு முன்னால் நின்று அந்தப் பெண் தனியாகச் சிரித்ததை நானே பார்த்தேன்.

கேட்டால் சொல், கேட்காததை வலியப் போய்ச் சொல்வது உண்மையில்லை, கொழுப்பு என்று செபஸ்தியானுக்குச் சொல்லியிருந்தேன். யோசித்துப் பார்த்துச் சரி என்றான். யாரும் கேட்கவுமில்லை. அய்யலூர்ச் சந்தையில் பொய் சொல்லாத ஒரே வாய், கண்ணை மூடிக்கொண்டு பெண் எடுங்கள் என்று பிராங்கிளினின் அம்மாவிடம் நான்தான் சொல்லியிருந்தேனே. என் தரகு வாழ்க்கையில் சொன்ன ஒரே நிஜம் அது.

முதல் ஓலை வாசித்த அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான்.

"கேக்குறாங்கண்ணே."

"யாருடா?"

"பீடத்துல நின்னு கேக்குறாங்க. தடை தெரிஞ்சவுக சொல்லணும்னு."

"அது ஊரக் கேக்குறதுடா."

"நானும் ஊருலதானண்ணே இருக்கேன்."

இரண்டாம் ஓலைக்குப் பிறகு சோற்றை விட்டுவிட்டான். ரெட்டியார்சத்திரம் போய் நேரில் சொல்லிவிட்டு வருகிறேன், போனில் சொல்கிற விஷயமில்லை என்று பஸ்ஸுக்குக் கிளம்பினான். நான் மறித்து, அவர்கள் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போயிருக்கிறார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள் என்றேன். பொய். ஆனால் கடலில் யார் யார் குளித்தார்கள் என்பதுவரை சொன்னேன். அவன் நம்பித் திரும்பிப் போனான். ஒரு வாரத்தை ஓட்டிவிட்டால் மூன்றாவது ஓலையும் வாசித்து முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நான் மறிக்காதிருந்தால் நாலு சுவருக்குள் சொல்லியிருப்பான்.

மூன்றாம் ஞாயிறு கோயிலில் எழுந்து நின்றவன் சொன்னான்: "சாமி, எம் மகளுக்கு முன்ன வலிப்பு இருந்துச்சு. அவுககிட்ட நான் சொல்லல. இப்பச் சொல்றேன்."

சாமியார் சின்ன வயசுக்காரர். அது தடையில்லை ஐயா, உட்காருங்கள் என்று மைக்கில் இரண்டு தடவை சொன்னார். வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. பெண்கள் பக்கம் முக்காடிட்டிருந்த வினோலியா திரும்பவில்லை. பிராங்கிளினின் அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பூசை முடியும்வரை மரியாதைக்கு இருந்துவிட்டு, பிறகு யாரிடமும் சொல்லாமல் வேனில் ஏறிப் போய்விட்டார்கள்.

வீட்டில் வினோலியா அழுவாள் என்று பார்த்தேன். உலை வைத்து, அரிசி களைந்து போட்டுவிட்டு வந்து அப்பன் முன்னால் நின்றாள்.

"சிலுவை உங்களுதுதானப்பா. என் தோள்ல ஏன் வச்சீங்க?"

அன்றைக்குப் பிறகு அப்பனிடம் அவள் வாய் திறக்கவில்லை.

மறுநாள் நான் ரெட்டியார்சத்திரம் போனேன். ஒரு வாரம் பட்டினி கிடந்து செபஸ்தியானுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, பெண்ணுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் பொய் சொன்னதில்லை. பிராங்கிளினின் அம்மா காப்பி கொடுத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"நீங்க பேசுனா நேரம் போறதே தெரியலண்ணே," என்றார். "ஆனா அந்த மனுசன் வாயில பொய் வராதுன்னு நீங்கதான சொன்னீங்க."

வெளியே பிராங்கிளின் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் பஸ் ஏறும்வரை பார்த்தேன், ஒரே கதவையே கழுவிக்கொண்டிருந்தான்.

ஒரு மாதம் கழித்துச் செபஸ்தியானைப் பார்க்கப் போனேன். வாசலில் ஆட்டுக்குத் தின்னக் குழை கட்டிக்கொண்டிருந்தான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. சும்மா இருக்கமுடியாமல், சந்தையில் ஒருவன் மூன்று கண் ஆட்டைக் கொண்டுவந்த கதையைச் சொன்னேன். அவன் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அண்ணே, என் எடத்துல நீங்க இருந்தா சொல்லியிருப்பீகளா?"

"சொல்லியிருப்பேன்டா," என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான். வேளாங்கண்ணிக் கதையை நம்பினவன் இதை நம்பவில்லை. ஆனாலும் தலையாட்டினான். "அது போதும்ண்ணே," என்றான்.

வினோலியா இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். வாங்க மாமா என்று ஒன்றை என் கையில் கொடுத்தாள். மற்றதை அவனுக்கு எட்டுகிற தூரத்தில் தரையில் வைத்துவிட்டு, நிலையருகே போய் நின்றாள். நின்றவள் உள்ளே போகவில்லை. அவன் டம்ளரைப் பார்த்தான், எடுக்கவில்லை. டீயில் ஆடை படிந்தது. கட்டியிராத குட்டி ஒன்று துள்ளி வந்து, டம்ளரை மோந்து பார்த்து, மூக்கை உள்ளே விட்டது. அப்பனும் மகளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரில் ஒருவரும் அதை விரட்டவில்லை.