இன்னும் பத்தே நாட்கள்

கணபதி கடைவீதியில் திருமூர்த்தியின் பாத்திரக்கடை வாசலில் ஒரு பேனர் தொங்கியது. ‘சிறப்புத் தள்ளுபடி. இன்னும் பத்தே நாட்கள்.’ கட்டி மூன்று வருஷமாகிறது. வெயிலில் எழுத்து வெளுத்துப்போனால் அதையே புதிதாக அடித்து மாட்டுவார்.

பாத்திரத்தில் பேர் வெட்டும் மிஷின், கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டரை நம்பி ஓடியது. ஒருநாள் காலையில் பார்த்தால் கம்ப்யூட்டர் தன்பாட்டுக்குப் புது ஓ.எஸ்.ஸுக்கு மாறி உட்கார்ந்திருந்தது. மிஷினை அதற்கு அடையாளமே தெரியவில்லை. யாரைக் கேட்டு மாறினது என்று திருமூர்த்தி கடையில் வேலை பார்க்கும் பெண் அக்ஷிதாவிடம் சத்தம் போட்டார். அவளையும் அது கேட்கவில்லை.

ரிப்பேர் பார்க்கும் பிரவின்குமார் வந்தான். பழைய ஓ.எஸ். உள்ளேயேதான் இருக்கிறது, ஒரு பட்டனை அமுக்கினால் திரும்பி வந்துவிடும், ஆனால் மாறினதிலிருந்து பத்து நாளைக்குள் அமுக்கியாக வேண்டும், அப்புறம் பட்டனே இருக்காது என்றான். கூடவே கூலியையும் சொன்னான்.

பத்து நாள் என்றதும் திருமூர்த்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவசரப்படுத்துகிறவனிடம் ஆறப்போட்டால்தான் விலை இறங்கும்.

“தம்பி, நானும் கடை வெச்சிருக்கறவந்தானுங்க. போயிட்டு அப்பறமா வாங்க,” என்றார்.

பிரவின்குமார் இரண்டு தரம் போன் செய்தான். பையன் இறங்கி வருகிறான் என்று கணக்குப் போட்டுக்கொண்டு இவர் எடுக்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் பல்லடம் காளிச்சாமியின் ஆர்டருக்கும் தலையாட்டினார். கோழிப்பண்ணைக்காரர், மகன் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் தூக்கு, ஒவ்வொன்றிலும் பொண்ணு மாப்பிள்ளை பேர். அப்படியொரு ஆர்டர் அந்தக் கடைக்கு அதுவரை வந்ததில்லை.

போன் வருவது நின்று சில நாள் கழித்து, அவரே பிரவின்குமாரைக் கூப்பிட்டார். அவன் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

“பட்டன் போயிருச்சுங்க.”

“ஒரு நாள் முன்னப்பின்ன பாத்துப் பண்ணுங்க. கேக்கற கூலி தாரேன்.”

“கெடு வெச்சது நான் இல்லீங்களே, ஐயா.”

இனி எல்லாவற்றையும் அழித்துப் பழையதைப் புதிதாக ஏற்ற வேண்டும், மிஷினை ஓட்டும் புரோகிராம் வெளியூரிலிருந்து வர வேண்டும், பத்து நாள் பிடிக்கும் என்றான். இந்தப் பத்து நாளையாவது குறைக்க முடியுமா என்று பார்த்தார். முடியவில்லை.

அன்று சாயங்காலம், பேசியிருந்தபடி, தூக்குகளை எடுத்துப்போகக் காளிச்சாமியே வேனோடு வந்துவிட்டார். அடுக்கியிருந்த தூக்குகளில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேர் இல்லை.

திருமூர்த்தி ஆயுசில் முதல்தடவையாக உள்ளதை உள்ளபடி சொன்னார்.

“கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிப்போட்டுதுங்க. இன்னும் பத்தே நாள் குடுங்க.”

காளிச்சாமி வாசலை அண்ணாந்து பார்த்தார். தூக்கை இருந்த இடத்தில் வைத்தார்.

“உங்க பத்து நாளுங்களா? மூணு வருசமாப் பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்,” என்று சொல்லிவிட்டு, வேனை எதிரிலிருந்த பாத்திரக்கடைப் பக்கம் திருப்பச் சொன்னார்.