மாடியில்லாத வீடு

"உடம்புக்குள்ள இரும்புத்துண்டு, தகரம் ஏதாவது இருக்கா?" என்று டாக்டர் பிரீத்தி கேட்டபோது சோலையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியின் அந்தக் குளிர்ந்த அறையில் அவளைச் சாய்நாற்காலியில் கிடத்தியிருந்தார்கள். காந்தச் சுருளை உச்சந்தலையில் வைத்துத் துடிப்பு கொடுத்தால், மூளையிலிருந்து காலுக்குப் போகும் நரம்பு கொஞ்சம் விழிக்கலாம். முதுகுத்தண்டு முழுக்க அறுபடாதவர்களுக்கு மட்டும் இதைச் செய்து பார்க்கிறோம், நடப்பீர்கள் என்று வாக்குத் தர முடியாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். பதினான்கு மாதமாக இடுப்புக்குக் கீழே யாருடையதோ போன்ற இரண்டு கால்களோடு கிடப்பவளுக்கு அந்தக் 'கொஞ்சம்' போதும்.

"இல்லாம எப்படிம்மா? அம்புட்டுத் தகரமும் எம்மேலதான வந்து விழுந்துச்சு."

டாக்டர் சுருளைக் கீழே வைத்துவிட்டுக் கோப்பைப் புரட்டினார். "எந்தத் தகரம்? வீட்டு மாடிப்படியில வழுக்கி விழுந்ததாத்தானே இதுல இருக்கு?"

"எங்க வீட்டுல மாடியே கிடையாதும்மா."

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் திரி செருகி வந்தவள் அவள். அடிபட்ட அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஆர்டர் அவசரம், அந்தப் பெட்டியை முடித்துவிட்டுப் போ என்று அவளை மட்டும் உட்கார வைத்தவர் போர்மேன் ராஜபாண்டியன். பக்கத்து அறையில் பட்டாசு மருந்து வெடித்தது. சுவரும் கூரைத் தகரமும் அவள் மேல் சரிந்தன. அதற்குப் பிறகு கண்விழித்தது ஆஸ்பத்திரியில்தான்.

"படியில விழுந்தவங்கன்னு முதுகை மட்டும் படம் எடுத்திருக்காங்க" என்றார் டாக்டர். "தலைக்குள்ள ஒரு சின்ன இரும்புத்துண்டு இருந்து, நான் இதை ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்? யார் இப்படிச் சொன்னது?"

சோலையம்மாள் கழுத்தைத் திருப்பினாள். கதவோரம் நின்ற அவள் புருஷன் செல்லச்சாமி தரையைப் பார்த்தான்.

"போர்மேன் அண்ணாச்சிதான் சொல்லச் சொன்னாரு. வெடின்னு எழுதுனா கம்பெனிக்குச் சீல் வச்சிருவாக, இருநூறு பேரு வேலை போயிரும்னாரு. நீ அப்ப முழிக்கல புள்ள."

"பதினாலு மாசமா முழிச்சுத்தான கெடக்கேன்?"

அவன் கை கதவைப் பற்றியது. இந்தக் கைதான் இத்தனை நாளும் அவளைப் புரட்டிப் போட்டு, கழுவி, முதுகுப் புண்ணுக்கு மருந்து தடவியது. இந்தக் கைதான் அந்தப் பொய்க்குக் கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறது. விசாரிக்க ஒரு ஆபீசர்கூட ஏன் வரவில்லை என்று அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். வருவாங்க, வருவாங்க என்று சொல்லிக்கொண்டே கஞ்சி ஊட்டியிருக்கிறான். அடிபட்டதைவிட இதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் தலைமுதல் கால்வரை படம் எடுத்தார்கள். இடது கெண்டைக்காலில் நெல்லளவு தகரம் இருந்தது. தலையில் ஒன்றுமில்லை. சிகிச்சையைத் தொடங்கலாம் என்ற டாக்டர், அவள் சொல்லச் சொல்லப் புதிதாக எழுதிக்கொண்டார். அவள் கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ சேதி சொல்லியிருக்க வேண்டும், சாயங்காலமே செல்லச்சாமியின் போன் அடித்தது. பேர் தெரிந்ததும் அவன் எடுக்கத் தயங்கினான். அவள் கை நீட்டி வாங்கினாள்.

"தாயி, பழசெல்லாம் இப்ப எதுக்கு? சீசன் நேரம்" என்றார் ராஜபாண்டியன்.

"நான் வழுக்கி விழல அண்ணாச்சி. சாப்பிட விடாம நீங்க உக்கார வச்ச எடத்துலதான் கெடந்தேன். அத எழுதிக் குடுத்துட்டேன். ஆபீசருக்கும் அனுப்பச் சொல்லிருக்கேன்."

"ஒம் புருஷனும் கையெழுத்துப் போட்டிருக்கான். அவனயும்தான் இழுப்பாக."

"இழுக்கட்டும்" என்று சொல்லிப் போனை வைத்தாள். செல்லச்சாமி சுவரில் சாய்ந்துகொண்டான்.

சிகிச்சையின் ஆறாவது நாள். சுருள் தலையில் டக், டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. செல்லச்சாமி வழக்கம்போல அவள் பாதத்தைத் தாங்கிப் பிடித்திருந்தான். திடீரென்று, "சோலை, பெருவிரலு... அசைஞ்ச மாதிரி இருக்கு" என்றான்.

"கைய எடுங்க" என்றாள் அவள்.

"விழுந்துருமே புள்ள..."

"எடுங்கன்னேன்ல."

அவன் எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாதத்துக்கு ஒரு சாண் மேலே அப்படியே வைத்திருந்தான். அதற்குக் கீழே, யாரும் தொடாத அந்த விரல், சுருள் தட்டும்போதெல்லாம் மெல்ல நிமிர்ந்து மெல்லத் தாழ்ந்தது.