துத்தநாகம் பிடித்த கை

அந்த ஆலைக்குள் பெருமூச்சு விடலாம், அழக்கூடாது. அழுகை வந்தால் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு, முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு வர வேண்டும். எல்லாம் துத்தநாகத்துக்காகத்தான்.

துத்தநாகம் கொப்பரைக்குள் உட்கார்ந்திருக்கும். ஊரார் வந்து குழாயில் ஊதிவிட்டுப் போகும் பெருமூச்சிலிருந்து கரியமில வாயுவைக் கைநீட்டிப் பிடித்துக்கொள்ளும். அடுத்து எபாக்சைடு என்ற ரசாயனத்தில் ஒன்றைக் கூப்பிடும். எபாக்சைடு மூன்று மூலையாக உடம்பை மடக்கிக்கொண்டு அவதிப்படும் பிறவி. யாராவது தொட்டால் போதும், அப்பாடா என்று காலை நீட்டிவிடும். ஒரு மூச்சு, ஒரு எபாக்சைடு, மறுபடி ஒரு மூச்சு என்று மாற்றி மாற்றி உட்கார வைத்தால் சங்கிலி வளரும். இரண்டு எபாக்சைடுகளை அடுத்தடுத்து உட்கார வைத்தால் வளவளவென்று பேசிச் சங்கிலியைத் தொளதொளக்க வைத்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் துத்தநாகம் கையை விட்டுவிடும். அதோடு அந்தச் சங்கிலி முடிந்தது. அதை உருக்கி ஊருக்குப் பிளாஸ்டிக் வாளி செய்வார்கள்.

கொப்பரையைப் பார்த்துக்கொள்பவள் ஃப்ளோரா. அவள் கணவன் மிக்கேல் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன். வைகாசியில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அவனுடைய கடைசி மூச்சை, ஊர் வழக்கப்படி, பலூனில் கட்டி எடுத்துவந்து அவளே கொப்பரையில் விட்டாள். இறந்தவர் மூச்சில் தொடங்கிய சங்கிலி குழாய்த் தண்ணீருக்கெல்லாம் முடியாது. வீட்டார் கண்ணீர்தான் வேண்டும். அதற்கு மட்டும் கொப்பரைப் பக்கத்திலேயே அழ அனுமதி உண்டு.

ஃப்ளோரா அழவில்லை. அழுதால் துத்தநாகம் மிக்கேலை விட்டுவிடும். அந்த ஒரு பயத்தில் கண்ணை வறள வைத்திருந்தாள். சங்கிலியைப் பட்டினி போடவும் மனம் வரவில்லை. வேளாவேளைக்குப் பெருமூச்சுக் குழாயையும் எபாக்சைடு குழாயையும் திறந்துவிட்டாள். சங்கிலி கொப்பரையை விட்டு வெளியே வந்து, ஆலை வாசலைத் தாண்டி, மீன் மார்க்கெட் வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. ஊர்க்காரர்கள் அதில் துணி காயப்போட்டார்கள். வேறு சங்கிலி தொடங்க வழியில்லாததால் ஊரில் வாளி கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக் குளித்தார்களே தவிர, ஃப்ளோராவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த விஷயத்தில் நல்ல ஜனங்கள்.

தினமும் காலையில் வந்ததும் கொப்பரைக்குள் குனிந்து கேட்பாள்.

"தம்பி, பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்க்கா."

"கெட்டியா?"

"கெட்டியாத்தான்."

ஐப்பசி பிறந்த பிறகு ஒருநாள் துத்தநாகம், "கை வலிக்குக்கா" என்றது.

"எனக்காகப் பொறுத்துக்கய்யா. அவர விட்டுராத."

துத்தநாகத்துக்குப் பொய் சொல்ல வராது. உள்ளதைச் சொன்னது. "நான் பிடிச்சிருக்கது அண்ணன இல்லக்கா. நேத்து வந்த தபால்காரர் மூச்ச. புதுசா வர்ற ஆளத்தான நான் பிடிக்க முடியும்? ஒவ்வொரு ஆளா நடுவுல வர வர, முதல்ல வந்தவரு தள்ளித் தள்ளிப் போவாருல்லா. நீங்க குழாயத் திறக்கத் திறக்க, அண்ணன் தூரமாப் போறாரு."

ஃப்ளோராவின் கை குழாய் மேலேயே நின்றது. "எங்க இருக்காரு இப்ப?"

மேற்பார்வையாளர் காசிலிங்கம் அவளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். "நேத்துச் சாயங்காலம் உப்பளத்துக்கு வந்துட்டாருன்னு சொன்னாங்கம்மா" என்றார். "உங்ககிட்ட எப்படிச் சொல்லதுன்னுதான் தெரியல."

"உப்பளமா? அங்க ஒரு மரங்கூடக் கிடையாதே" என்றாள் ஃப்ளோரா. "அவருக்கு வெயிலே ஆகாதேய்யா."

சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் கொட்டிவிட்டது. முதல் சொட்டே போதுமானதாக இருந்தது, துத்தநாகம் கையை விட்டது. மிச்சத்தையும் யாரும் தடுக்கவில்லை. காசிலிங்கம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உப்பளத்தில் சங்கிலி நின்றுவிட்டது என்று மத்தியானம் செய்தி வந்தது. அங்கே வேலை செய்யும் பெண்கள் முதல் கண்ணியின் மேல் ஒரு குடையை விரித்து வைத்திருந்தார்களாம்.

துத்தநாகத்துக்கு விரல்கள் மடங்கியபடியே இறுகிப்போயிருந்தன. ஃப்ளோரா தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, ஒவ்வொரு விரலாக நீவிவிட்டாள். அவளுக்கு அதன் மேல் பிரியம் பொங்கியது. தான் எவ்வளவு நாள் அதைப் படுத்திவிட்டோம் என்று வெட்கமாகவும் இருந்தது. அது ஒரு வாரம் லீவு கேட்டது. காசிலிங்கம் உடனே கொடுத்தார். கடல் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் போனது.

ஊருக்கு வாளி வேண்டும், கொப்பரையைச் சும்மா போட முடியாது. மறுநாள் காலை ஃப்ளோரா வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, ஈரம் போகக் கையைத் துடைத்து, கொப்பரைக்குள் நீட்டினாள். யாரோ விட்ட பெருமூச்சு ஒன்று தட்டுத்தடுமாறி வந்து அவள் கையைப் பிடித்தது. அதற்கு நடுக்கம் நிற்கவில்லை.

"பயப்படாதய்யா. அடுத்த ஆள் வார வரைக்கும் நான் பிடிச்சிருக்கேன்" என்றாள். பிறகு மறுகையால் எபாக்சைடு குழாயைத் திறந்துவிட்டாள்.