பச்சைக் கப்பலின் படம்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவருக்கு வீட்டுக்குள் கப்பல் பேச்சே ஆகாது. அவர் மனைவிக்கோ சரக்குக் கப்பல் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. தையல் கடையில் வேலை முடிந்ததும் அலைதடுப்புச் சுவருக்குப் போய்விடுவாள். அங்கே அவளைப்போல நாலைந்து பேர் உண்டு. அடிப்பாகத்தின் சிவப்பு வெளியே தெரிந்தால் காலிக் கப்பல், தெரியாவிட்டால் பாரம். எந்த ஊரிலிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கைப்பேசியில் தேடி ஆளாளுக்குச் சொல்வார்கள். ஒரு தெருவே பெயர்ந்து வருவதுபோல கப்பல் சத்தமில்லாமல் திரும்பும்போது, நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்திருந்த முதுகு தானாக நிமிரும்.

"நான் நாள் பூரா பாத்துச் சாகுற கன்டெய்னர் பெட்டிங்களை நீ போய் வேடிக்கை பாக்குறியா?" என்பார் அவர். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சுவரை ஒட்டி வந்த பச்சைக் கப்பலைப் படமெடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டினாள். வேலையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. படத்தைப் பிடுங்கித் தரையில் அடித்தார்.

"இது எந்தக் கப்பல்னு தெரியுமா? என் கூட்டாளி செத்தது இதுலதான்."

அந்தக் கப்பலின் நீளம்வரை அவளுக்குத் தெரியும். மேல்தளத்தில் நின்றவர்களுக்குக் கையும் ஆட்டியிருந்தாள்.

"ஏணியில தவறி விழுந்தார்னு சொன்னீங்களே?"

"அப்படித்தான் சொல்லணும்னாங்க. கீழே ஆளில்ல, இறக்குன்னு சூப்பர்வைசர் வாக்கிடாக்கில சொன்னான். நான் பெட்டியை இறக்கினேன். என் கூட்டாளி அங்கதான் நின்னான்."

"என்கிட்டகூடவா மறைச்சீங்க?"

"வாயைத் திறந்தா வேலை போயிடும்."

"செத்த மனுஷன் தலையிலயே பழியைக் கட்டிட்டு, என் பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கீங்க. அவர் வீட்டு அக்காவுக்குத் தெரியுமா?"

அவள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க வந்து சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லவா?"

அவர் நொறுங்கிய கண்ணாடியை மிதித்துக்கொண்டு வெளியே வந்தார்.

கூட்டாளியின் மனைவி ஈரக்கையோடு கதவைத் திறந்தாள். அவர் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை.

"குடிச்சிட்டு ஏறியிருப்பான்னு கொழுந்தனார்ல இருந்து எல்லா சொந்தக்காரங்களும் என் முகத்துக்கு நேரா சொன்னாங்க. நீங்களும் பக்கத்துல நின்னு கேட்டீங்க, அண்ணா."

அவர் தலை குனிந்தார். அவள் உள்ளே திரும்பிக் கொழுந்தனாரைக் கூப்பிட்டாள்.

"இப்ப இவர் முன்னாடி சொல்லுங்க. நிமிர்ந்து நின்னு சொல்லுங்க."