துரு பிடிக்காத கன்று

கோப்பிச் செடிகளுக்கு நடுவே குந்தியபடி, துரு நோய் விழுந்த இலைகளைப் பறித்து உரப்பையில் திணித்துக்கொண்டிருந்தாள் கஜலட்சுமி. இலையின் அடியெல்லாம் செம்மஞ்சள் பொடி. தொட்டால் விரலோடு வந்தது.

துரு பிடிக்காத இனமென்று மலை முழுக்க இந்த ஒரே வகைக் கன்றைத்தான் தோட்டத் துரை நட்டிருந்தார். அதற்கும் பிடித்துவிட்டது. பழியை யார் தலையிலாவது போடவேண்டுமே! தங்கச்சி ஜெயராணி வீட்டுக்குப் போய்ச் சேலையில் துருவைக் கொண்டுவந்தவள் இவள்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, இன்றோடு வேலையில்லை என்றுவிட்டார். ஜெயராணி வீட்டில் கோப்பியே கிடையாது. இருப்பது கறிக்கென்று ஒரு போஞ்சிப் பாத்தி.

இலை பார்க்க வந்திருந்த விவசாய அதிகாரி பஸ்லினாவிடம் கஜலட்சுமி கேட்டேவிட்டாள்.

"நானா மிஸ் கொண்டாந்தேன்?"

"ஒங்கட சேலையால வந்ததில்ல இது. பழைய துருவுக்கு இந்தச் செடிக்குள்ள போக ஏலாது. கோடிக்கணக்கான பொடியில ஒண்டு மாறிப் பொறந்து, வழி கண்டுபுடிச்சிட்டுது. செடியெல்லாம் ஒரே இனம். ஒண்ட ஜெயிச்சா எல்லாத்தையும் ஜெயிச்ச மாதிரித்தான்."

"அதத் தொரைக்கிட்ட சொல்லுங்க."

"சொன்னேன். அவர் கேக்கல்ல."

கஜலட்சுமி உரப்பையைத் தூக்கித் தோளில் போட்டாள். கொண்டுவந்தவள் என்று பேர் வாங்கியாயிற்று, இனிக் கொண்டுபோனால் என்ன? பங்களாவுக்குப் பின்னால், விற்பதற்கென்று துரை பொத்திப் பொத்தி வளர்த்த நாற்றுமேடை இருந்தது. போகிற வழியில் உரப்பையை அந்தக் கன்றுகளின் மேல் தலைகீழாக உதறினாள்.

"இப்பக் கொண்டாந்தது நாந்தான்யா" என்று வாய்விட்டே சொன்னாள். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள்.

சில வாரம் மழை பெய்து ஓய்ந்தது. நாற்றுமேடையில் புள்ளி விழுந்ததாகவும், அக்குறணையிலிருந்து வந்த வியாபாரி கன்றுகளைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போய்விட்டதாகவும் செய்தி வந்தது.

"வேணும், நல்லா வேணும்" என்றாள்.

அடுத்த வாரம் லயத்து வீடுகளுக்கு முன்னால் லொறி வந்து நின்றது. துரையின் ஆள் யுகேஷ் குதித்து இறங்கினான்.

"தொரை இனாமாக் குடுக்கிறாரு. துரு புடிக்காத கன்னு. வரிசையில வாங்க."

கஜலட்சுமி லொறியை நோக்கி ஓடினாள். தன் வீட்டிலிருந்து வந்திருந்த ஜெயராணி முன்னாலேயே கன்றுகளை வாங்கிவிட்டிருந்தாள். நேற்றே சேதி தெரிந்து, காய்த்துக்கொண்டிருந்த போஞ்சியைப் பிடுங்கி எறிந்து பாத்தியைக் கொத்தி வைத்திருந்தாள். கஜலட்சுமி ஒரு இலையைத் திருப்பினாள். நாற்றுமேடைக் கன்றுதான்; விரலில் அதே செம்மஞ்சள் பொடி ஒட்டியது.

யுகேஷ் போனை உயர்த்தினான். கன்றுகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஜெயராணி சிரித்தாள்.

"அக்கா, நீங்களும் வந்து நில்லுங்க. போட்டோ புடிக்கிறாங்க."