நான்கு வாளி புளிப்பு

வாளிகள் நான்கும் கவிழ்ந்தே கிடந்தன. உள்ளே தொட்டுப் பார்த்தேன். ஈரமில்லை.

டெல்பர்ட்டின் லாரி போய் அரை மணி நேரமாகியிருந்தது. வியாழக்கிழமைதோறும் அவர் வருவார். சாராயம் வடித்த பின் கொப்பரையில் மிஞ்சும் புளித்த சோளத் தண்ணீர் அவருடைய பன்றிகளுக்குப் போகும். அதற்கு முன் நான்கு வாளி எடுத்து வைத்து, அடுத்துப் போடும் சோள ஊறலில் புளிப்புக்காக ஊற்ற வேண்டும். டென்னசி மலையில் இது எல்லோரும் செய்வதுதான். என் மனைவி கெல்சி முதல் ஊறல் போட்டது ஆறு வருஷத்துக்கு முன்பு, லைசென்ஸ் கிடைத்த வாரம். அதிலிருந்து நான்கு வாளி அடுத்ததற்கு, அதிலிருந்து நான்கு அடுத்ததற்கு. மார்ச்சில் அவள் இறந்த பிறகும் பதினோரு தடவை நான் விடாமல் ஊற்றினேன். இன்று வாளிகளை மறந்து, லாரிக்கு வால்வைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றிருக்கிறேன்.

ஒரு வாளியை எடுத்துக்கொண்டு டெல்பர்ட்டின் பண்ணைக்கு வண்டியைக் கிளப்பினேன்.

"என்னப்பா காலேஜு, என் பன்னிங்க மேல திடீர்னு பாசம்?" என்றார் டெல்பர்ட். நான் படித்தவன் என்பதால் அவருக்கு எப்போதும் 'காலேஜு'தான்.

"அண்ணே, இன்னிக்கி எடுத்துட்டு வந்ததுல மிச்சம் இருக்கா?"

"அதுங்க மிச்சம் வைக்குமா? உன் சரக்குல போதை இல்லன்னுதான் அதுங்களுக்கு ஒரே குறை."

"எடுத்து வைக்க மறந்துட்டேன்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "கெல்சி ஆரம்பிச்சதா?"

"ம்."

லாரித் தொட்டியின் அடியிலிருந்து அரை வாளி வடித்துக் கொடுத்தார். "இந்தத் தொட்டிய நான் கழுவியே வருஷமாச்சு தம்பி. அவ இருந்தா இத உள்ள விடுவாளா?"

திரும்பி வந்தபோது, வடிசாலைக் கூடத்தில் அடுத்த ஊறலுக்கு வெந்த சோளம் தொட்டியில் ஆறிக்கொண்டிருந்தது. வாளியை அதன் விளிம்பில் வைத்தேன். மேலே ஒரு வைக்கோல் துரும்பு மிதந்தது. மணம் சரியாகத்தான் இருந்தது. ஊறலைக் கிளறும் துடுப்பைக் கழுவாமல் வைத்ததற்காக, ஒருமுறை கெல்சி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

முதல் ஊறலுக்கு எடுத்து வைத்த புளிப்பு ஏது? அன்று அவள் எலுமிச்சை பிழிந்தாள். தன் விரலில் இருந்த வெட்டுக்காயத்தில் சாறு பட்டு என்னைத் திட்டினாள்.

கடையில் இரண்டு பை எலுமிச்சை எடுத்தேன். கல்லாவில் இருந்த பெண் புதியவள்.

"இவ்ளோவா! வீட்ல விசேஷமா?"

"ஆமா," என்றேன்.